டிரைஃபஸ் சிலை: முறிந்த வாளும் மறுக்கப்பட்ட முற்றமும்

முன்னுரை

பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் கேப்டனாகப் பணியாற்றிய யூதரான ஆல்ஃபிரட் டிரைஃபஸ், ஜெர்மனிக்கு இராணுவ இரகசியங்களை அளித்தார் என்னும் பொய்க் குற்றச்சாட்டின்பேரில் 1894 டிசம்பரில் தண்டிக்கப்பட்டார். 1906 ஜூலை 12 அன்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. தீம் என்னும் புனைபெயருடைய கேலிச்சித்திரக் கலைஞர் லூயி மிதெல்பெர்க் வடித்த அவரது வெண்கலச் சிலை, பாரிஸின் ரஸ்பாய் பெருஞ்சாலையை ஒட்டிய சிறு சதுக்கத்தில் நிற்கிறது. அதன் பொருள் வடிவத்தை மட்டுமன்றி, நிற்கும் இடத்தையும் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

முறிந்த வாள்

1895 ஜனவரி 5 அன்று பாரிஸ் இராணுவப் பள்ளியின் பெருமுற்றத்தில், அணிவகுத்து நின்ற படையினர் முன்னிலையில் டிரைஃபஸின் பதவிச் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன. அவரது வாளும் முறிக்கப்பட்டது. சிலையிலோ அம்முறிந்த வாளை அவரே ஏந்தி, இராணுவ வணக்கமாக முகத்துக்கு நேரே உயர்த்தியுள்ளார். வரலாற்றில் நிகழாத இச்செயலே சிற்பத்தின் மையக் கருத்து. அவரை இழிவுபடுத்த முறிக்கப்பட்ட வாள், இழிவுபடுத்தியோருக்கு எதிரான சான்றாகிறது. வாள் முகத்தின் ஒரு பகுதியை மறைப்பதால், துயர முகத்தைக் காட்டி இரக்கம் பெறும் எளிய வழியும் தவிர்க்கப்படுகிறது.

மறுக்கப்பட்ட முற்றம்

வணக்கம் என்பது அதனை ஏற்பவர் ஒருவரை வேண்டுவது. வாள் முறிக்கப்பட்ட முற்றத்திலேயே சிலையை நிறுவ அரசு கருதியிருந்தது. இராணுவத் தரப்பு இசையாமையால் 1988-இல் துய்லரி பூங்காவிலும், 1994-இல் இன்றைய சதுக்கத்திலும் அது வைக்கப்பட்டது. 1906-இல் அதே பள்ளியின் சிறு முற்றமொன்றில் டிரைஃபஸுக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது அணிவிக்கப்பட்டது. அவரது மதிப்பை மீட்டளித்த விழாவுக்கு இடந்தந்த நிறுவனம், தன் தவற்றை நிலையாக நினைவூட்டும் சிலைக்கு இடந்தரவில்லை.

பொதுமக்கள் எளிதில் நுழைய முடியாத முற்றத்தினும் திறந்த சதுக்கமே சிறந்தது எனலாம். இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. 1895-இல் பள்ளியின் வாயிலுக்கு வெளியே திரண்ட கூட்டமும் யூத வெறுப்பு முழக்கமிட்டது. 2002-இல் இச்சிலைமீது யூத வெறுப்பு வாசகம் எழுதப்பட்டமை, அவ்வெறுப்பு மறையவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆகவே மக்களும் இச்சிலையை எதிர்கொள்ள வேண்டியவர்களே. எனினும், தண்டித்த நிறுவனத்தின் பொறுப்பை மக்களின் பொறுப்பு ஈடுசெய்யாது.

முடிவுரை

தீர்ப்பு திருத்தப்பட்டபோதும் சிற்பி வாளை முழுமையாக்கவில்லை. முறிவை அவ்வாறே நிறுத்தினார். முறித்தவர் யார் என்பதைப் பெருமுற்றத்தின் சுவர்களே உணர்த்தியிருக்கும். சதுக்கத்தில் அவ்வினாவைப் பார்வையாளரே எழுப்ப வேண்டியுள்ளது. பாதிக்கப்பட்டவரைப் போற்றும் நினைவுச்சின்னம் பாதித்தவரின் வாயிலிலிருந்து விலக்கப்படும்போது, போற்றுதல் எஞ்சுகிறது; பொறுப்பேற்பு குறைகிறது.