கூரை ஏரியலும் பாடநூல் சூத்திரமும்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்கு வெளி அலைப் பரவல் என்னும் பகுதி நினைவிருக்கும். தொலைக்காட்சி அலைகள் நேர்கோட்டில் செல்வன, புவியோ உருண்டை, ஆகவே ஓர் எல்லைக்கு அப்பால் அவை தரையைத் தொடாமல் வானில் போய்விடும் என்பது பாடம். அந்த எல்லையைக் காண ஒரு சூத்திரமும் உண்டு. கோபுரத்தின் உயரத்தைப் புவியின் ஆரத்தால் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் காண வேண்டும். ஏரியலின் உயரத்துக்கும் இவ்வாறே கண்டு இரண்டையும் கூட்டினால் விடை. தேர்வில் இதற்கு மதிப்பெண் நிச்சயம். ஆனால் இந்தப் பாடத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. அதை விளக்க உங்களை உத்திரமேரூருக்கு அழைத்துச் செல்கிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. உத்திரமேரூர் அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கோபுரத்தின் உயரம் 150 மீட்டர் என்றும், வீட்டு ஏரியல் தரையிலிருந்து 10 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். புவியின் ஆரம் 6,400 கிலோமீட்டர். கோபுரத்துக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டர், ஏரியலுக்கு 11, ஆக 55. அதாவது, பாடநூலின்படி உத்திரமேரூரில் படமே தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் கேபிள் வருவதற்கு முன் அந்த வட்டாரத்தின் ஓட்டு வீடுகளிலும் மாடி வீடுகளிலும் இரும்புக் குழாய் நட்டு, நாலாபுறமும் கம்பி இழுத்துக் கட்டி, ஏரியலைச் சென்னைத் திசை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். படத்தில் புள்ளி புள்ளியாக 'எறும்பு' ஓடும். எனினும் ஆளின் முகம் தெரியும், பாட்டு கேட்கும்.

இங்குதான் மாணவன் திகைக்கிறான். கூரை பொய்யா, நூல் பொய்யா? இரண்டும் பொய்யல்ல, நூல் பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டது.

முதலாவதாக, அலைகள் காற்றில் முழுக்க நேராகச் செல்வதில்லை. மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தியும் ஈரமும் குறைவதால் ஒளிவிலகல் எண்ணும் குறைகிறது. அலை சற்றே கீழ்நோக்கி வளைகிறது. பொறியாளர்கள் இதற்காகப் புவியின் ஆரத்தை மூன்றில் நான்கு மடங்காக எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் 55 என்பது 63 ஆகிறது. இன்னும் 75 எட்டவில்லை. எட்டுவதற்கு ஏரியலை 35 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. அப்படி எவரும் வைக்கவில்லை.

மீதியை நிரப்புவது விளிம்பு விளைவு. தொடுவானம் ஒரு சுவரன்று. அலை அதன் விளிம்பில் வளைந்து நிழலுக்குள்ளும் கசிகிறது. அலைநீளம் கூடக்கூட இக்கசிவும் கூடும். அந்நாளைய ஒளிபரப்பு 60 மெகாஹெர்ட்சை ஒட்டியது. அலைநீளம் சுமார் 5 மீட்டர். பழைய ஏரியலின் கம்பிகள் ஆள் உயரத்தையும் மிஞ்சி நீண்டிருந்ததற்குக் காரணமும் அதுவே. கம்பியின் நீளம் அரை அலைநீளம் அளவில் இருக்க வேண்டும். ஒளியைப் பற்றிய பாடத்தில் விளிம்பு விளைவை விரிவாகக் கற்பிக்கும் நூல், நான்கு அத்தியாயம் தள்ளி வானொலி அலைக்கு வரும்போது அதை மறந்துவிடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் மின்காந்த அலைகள்தாமே!

சூத்திரத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. இலங்கையின் ரூபவாகினி 1982இல் தொடங்கியது. அதன் ஒளிபரப்பி நிற்கும் பிதுருதலாகல மலை 2,524 மீட்டர் உயரம். திருத்திய கணக்கில் தொடுவானம் 207 கிலோமீட்டர். நம் கடலோர மாவட்டங்களில் அந்தப் படம் தெரிந்ததன் பெரும்பகுதி இந்த ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. இந்த உதாரணத்தையும் உத்திரமேரூரையும் அருகருகே வைத்துக் கற்பித்தால், சூத்திரம் எங்கே போதும், எங்கே போதாது என்பது மாணவனுக்குத் தானே புலப்படும்.

நூல்கள் சொல்லாமல் விட்டதைக் கடைக்காரர்கள் தம் வழியில் நிரப்பினார்கள். 'பூஸ்டர் போட்டால் படம் தெளியும்' என்றார்கள். பூஸ்டர் குறிப்பலையைப் பெருக்குவது உண்மை. ஆனால் உடன் வரும் இரைச்சலையும் அதே அளவு பெருக்கி, தன் இரைச்சலையும் சேர்த்துவிடும். ஏரியலுக்குப் பக்கத்திலேயே, கம்பத்தின் உச்சியில் அதைப் பொருத்தினால் பயனுண்டு. நீண்ட கம்பிவடத்தில் குறிப்பலை தேய்வதற்கு முன்பே பெருக்கம் கிடைத்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் பொருத்தினால், தேய்ந்துபோனதைத்தான் பெருக்க முடியும். கிராமத்தில் எத்தனை வீட்டில் பணம் கொடுத்து வாங்கிய பூஸ்டர் பெட்டியின் முதுகில் ஒட்டிக் கிடந்தது! மழைக்கு அஞ்சி உள்ளே வைத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

சில எல்லைப்புற நிலையங்கள் நீங்கலாக, தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு 2022க்குள் அநேகமாக நின்றுவிட்டது. இன்று கூரையில் இருப்பது டிஷ். அதைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது: செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின் மேல் இருப்பதால் டிஷ் தெற்கே பார்க்க வேண்டும் என்று. டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. உத்திரமேரூரிலிருந்து அதன் திசை தென்கிழக்கு. உயரம் தொடுவானிலிருந்து 68 பாகை. ஆனால் டிஷ்ஷைப் பாருங்கள், தென்னை மர உச்சியைப் பார்ப்பதுபோல் தாழ்ந்திருக்கும். அலை அதன் முகத்துக்கு நேராக வராமல் 20 பாகைக்கு மேல் சாய்வாக வந்து விழும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபின் வண்டிக் கூரையில் டிஷ் வைப்பது பற்றியும் பேச்சு வந்துவிட்டது. ஐரோப்பியக் குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றலாகாது. 60 செண்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை சுமார் 3 பாகை அகலமே, பக்கத்துக்கு ஒன்றரை. லண்டனில் செயற்கைக்கோள் 25 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்பதால் வண்டி 2 பாகை திரும்பினாலும் படம் போய்விடும். மரமும் சுவரும் மறைக்கும். நமக்கு அது தலைக்கு மேல் நிற்பதால் 4 பாகை வரை திரும்பினாலும் சமாளிக்கலாம். மரத்தின் தொல்லையும் குறைவு. ஆனால் தரைச் சாய்வுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஏரிக்கரை ஓரம் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி 2 பாகை சாய்ந்தால் போதும், படம் தடுமாறும். ஆகவே இங்கே வண்டியை நிறுத்துபவர் திசைகாட்டியைத் தேடுமுன் சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையை வைத்து மட்டம் பார்ப்பது நல்லது.