காகிதச் சிற்பமும் கண்ணியக் கூச்சலும்

வெண்தாளை வெட்டி, மடித்து, ஒட்டி உருவம் சமைக்கிறான் காகிதச் சிற்பி. கற்சிலையைச் செல்வர் விரும்பி வாங்குவர். தாளோ ஈரத்தில் குழையும், வெயிலில் மஞ்சளிக்கும். வாங்குவோர் எத்தனை பேர்? தனியொருவனாய்க் கண்காட்சி நடத்தக் கூடத்திற்கும் விளக்கிற்கும், ஏன், அவன் வயிற்றுக்கும் பொருள் வேண்டாமா?

அமெரிக்காவில் 1965இல் பிறந்த தேசியக் கலை நிதியம் இத்தகையோர்க்கு நேரடியாகவே பொருளுதவி தந்தது. வந்தது 1989! நிதியத்தின் பணம் ஓரளவு கலந்த கண்காட்சி ஒன்றில், சிறுநீரில் அமிழ்த்திய சிலுவையின் நிழற்படம் இடம்பெற்றதாம். மதவாதிகள் ஆர்ப்பரித்தனர். 1990இல் 'கண்ணியம்' பார்த்து வழங்குக எனச் சட்டம் திருத்தப்பட்டது. 1998இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. இதற்கிடையே, 1990களின் நடுவில், தனிப்பட்ட ஓவியர்க்கும் சிற்பியர்க்கும் தந்த உதவியையே சட்டமன்றம் நிறுத்திவிட்டது. எழுத்தாளர்க்கு அன்று விலக்கு! தாளில் எழுதினால் அன்று பணம் கிடைத்தது, அதே தாளை மடித்தால் கிடைக்கவில்லை. என்னே இவர்தம் அறிவு!

நிழற்படம் எடுத்தவன் ஒருவன். தண்டனை பெற்றவனோ சிலுவையைத் தொட்டேயிராத தாள்மடிப்பவன்.

"நிறுவனங்களுக்குத் தருகிறோமே" என்றனர். பெயர் பெறாத இளைஞனுக்கு எந்த அருங்காட்சியகம் எளிதில் கதவு திறக்கும்? கலைஞர்களே குழுவாய் அமர்ந்து கலைஞரைத் தேர்ந்த முறை முன்பு இருந்தது. அதனைச் சிற்பிகளுக்கு மீட்டளிக்க, பாதிரிமார்களின் ஒப்புதல் எதற்கு என்றே நாம் கேட்கிறோம்.