கோணலுக்கு மதிப்பெண்

முகவாதம் எவ்வளவு கடுமை என்று சொல்ல மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாள்வது ஹவுஸ்–பிராக்மன் அளவுகோல். 1985-இல் வந்தது, ஆறு படிகள். முதற்படி இயல்பான முகம், ஆறாம் படி அசைவே இல்லாத முகம். தகராறு நடுவில்தான். ஒரே நோயாளிக்கு ஒருவர் மூன்று போடுவார், அடுத்தவர் நான்கு போடுவார். முயன்றால் கண் முழுக்க மூடுகிறதா என்பது இரண்டையும் பிரிக்கும் முக்கியக் குறி. சரி, கண் ஒரு படியிலும் வாய் இன்னொரு படியிலும் நின்றால்? 1996-இல் வந்த சன்னிபுரூக் முறை பகுதி பகுதியாகப் பார்த்து நூற்றுக்குக் கணக்கிட்டது. அதுவும் கண்மதிப்புதான்.

கண்மதிப்புக்குப் பதிலாக அளக்க முயல்கிறது கணினி. பாஸ்டனில் உருவான எமோட்ரிக்ஸ் மென்பொருள், புகைப்படத்திலுள்ள முகத்தின்மேல் 68 புள்ளிகளைத் தானே வைக்கிறது. கருவிழி வட்டத்தின் விட்டம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது, ஏறத்தாழ 11.77 மி.மீ. அதையே அளவாக வைத்துக்கொண்டு புருவ உயரம், கண் திறப்பு, சிரிக்கையில் வாயோரம் நகரும் தூரம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் சொல்லிவிடுகிறது. கெட்டிக்கார யோசனை.

ஆனால் இத்தகைய நிரல்கள் முதலில் பழகியது நலமான முகங்களில். வாதம் வந்த முகத்தில் புள்ளிகள் பிசகின, அதுவும் துல்லியம் மிகத் தேவைப்பட்ட இடத்தில். நோயாளிகளின் படங்களைக் காட்டி மறுபடி பழக்கிய பிறகே பிழை குறைந்தது.

படி எண்ணையே நேரடியாகச் சொல்லும் நிரல்களிடம் எனக்கு நம்பிக்கை இன்னும் குறைவு. அவை கற்பது மருத்துவர்கள் போட்ட எண்களிலிருந்து. மருத்துவரோடு ஒத்துப்போனதையே வெற்றியாகச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது: அந்தக் கண்மதிப்பு போதாது என்றுதானே கணினியை அழைத்தோம்?

இடவலம் ஒப்பிடும் கணக்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கில்லன்–பாரே நோயில் முகத்தின் இரு பக்கமும் செயலிழக்கலாம். இரண்டும் ஒரேபோல அசையாமல் கிடப்பதால், சமச்சீர் என்று நல்ல மதிப்பெண் விழுந்துவிடும். நரம்பு தவறான தசையோடு இணைந்து வளர்ந்து, சிரித்தால் கண்ணும் சுருங்குகிறவர்களின் தொல்லையோ அசைவில்தான் வெளிப்படும். ஓய்விலிருக்கும் முகத்தை எடுத்த ஒற்றைப் படம் அதைக் காட்டாது.

எமோட்ரிக்ஸ் போன்ற கருவியிடம் படி எண்ணைக் கேட்பதைவிட, ஒரே நோயாளியை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், மாதாமாதம் அளந்து தரச் சொல்லலாம். வாயோரம் 2 மி.மீ. கூடுதலாக நகர்ந்தால் படி மாறாமலே போகலாம். இந்த அளவீட்டில் அது பதிவாகும். கண் உலர்ந்து எரிகிறதா, தண்ணீர் குடிக்கையில் ஒழுகுகிறதா என்பதை அப்போதும் நோயாளியிடம்தான் கேட்டாக வேண்டும்.