கூட்டின் நிழலும் கருவியின் ஒளியும்

புகைப்படம் கலையா, கருவியின் விளைபொருளா என்ற வினா பழையது. அதற்குப் பொதுப்பட விடை பகர்வதிலும், குறித்த ஒரு துறையை எடுத்து நோக்குதல் பயனுடைத்து. பறவைக் குஞ்சுகளைக் கூட்டிலேயே படம்பிடிக்கும் பிரித்தானிய மரபு அத்தகையதொரு துறையாகும்.

இம்மரபின் முன்னோடிகள் யோர்க்ஷயரிற் பிறந்த றிச்சேட், செரி கியர்ட்டன் சகோதரர்கள். பறவைக் கூடுகள் பற்றி 1895இல் வெளிவந்த அவர்களது நூல், புகைப்படங்களையே சித்திரங்களாகக் கொண்ட இயற்கை நூல்களுள் மிக முந்தியது. அவர்கள் கூட்டைத் தெரிந்தமைக்கு ஆர்வம் மாத்திரம் காரணமன்று. அக்காலத் தட்டுக்கள் ஒளியை மெதுவாகவே ஏற்பன. மரநிழலில் நெடுநேரம் திறந்திருக்கவேண்டிய வில்லையின் முன் பறக்கும் பறவை உருவழிந்துபோகும். கூடோ அசையாது நிற்கும். எனவே, கருவியின் குறைபாடே உள்ளடக்கத்தைத் தீர்மானித்தது எனலாம்.

காட்டின் ஒளி குறைவானது மட்டுமன்று, சீரற்றதுமாகும். ஒரு குஞ்சின் முதுகில் வெயிற்புள்ளி விழ, அடுத்த குஞ்சின் அலகு இருளில் மறையும். இரண்டையும் ஒருங்கே பதியப் படச்சுருளால் இயலாது. இதற்குப் படப்பிடிப்பாளர் கண்ட வழிகள் மூன்று: மேகம் மூடும்வரை காத்திருத்தல், கிளைகளை விலக்குதல், ஒளியைத் தாமே கொண்டுசெல்லல்.

இரண்டாவது வழி கொடியது. மறைப்பை இழந்த கூடு காகத்தின் கண்ணிற் படும். இறகு முளையாத குஞ்சு தன் உடல்வெப்பத்தைச் சீர்செய்ய வல்லதன்று. நேர்வெயிலே அதன் உயிரைக் குடித்துவிடும். தெளிவான படத்தின் விலையை இங்கு செலுத்துவது படப்பிடிப்பாளன் அல்லன்.

மூன்றாவது வழியில் பெரும்புகழ் எய்தியவர் எரிக் ஹொஸ்கிங் (1909–1991). மின்னொளி விளக்கினால் இறகின் ஒவ்வோர் இழையையும் அவர் துலக்கிக் காட்டினார். அச்சாதனை மறுக்கற்பாலதன்று. எனினும், விளக்கொளி செல்லும் தூரம் இருமடங்காயின் அதன் வலிமை நாலிலொன்றாகக் குறையும். ஆகவே பறவை ஒளிர, பின்னாலுள்ள காடு கறுத்துவிடுகின்றது. பகலில் எடுத்த படமும் இரவுபோலத் தோற்றுகின்றது. சூழலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உயிர், அருங்காட்சியகப் பேழையின் பொருளுக்கு நிகராகிவிடுகின்றது. துல்லியம் வேறு, உண்மை வேறு என்பது ஈண்டுப் புலனாகும்.

1937இல் வேல்சில், கூட்டருகே மறைவிடத்துக்கு ஏறிய ஹொஸ்கிங்கை ஆந்தையொன்று தாக்கியது. அவர் இடக்கண்ணை இழந்தார். 1970இல் வெளியான அவரது சுயசரிதையின் தலைப்பே இவ்விழப்பைச் சுட்டுவது. இந்நிகழ்ச்சி கலைஞனின் தியாகமாகவே பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின், ஆந்தையின் பக்கத்தில் அது குஞ்சுகளைக் காத்த செயல் அன்றோ? அக்கேள்வியைக் கேளாத விமர்சனம் பாதி விமர்சனமே.

ஆக்கமுறையைக் கொண்டு ஆக்கத்தை மதிப்பிடலாமா எனச் சிலர் வினவுவர். கூட்டுப் படத்தில் ஆக்கமுறை சட்டத்துக்கு வெளியே நிற்பதன்று. வெட்டுண்ட காம்பும், முன்புறத்து இயல்பற்ற வெளியும் படத்திலேயே பதிகின்றன. தாயை எதிர்பார்க்கும் குஞ்சு அலகு திறந்து நிமிரும். வளர்ந்த குஞ்சு அஞ்சினால் கூட்டோடு ஒட்டிப் பதுங்கும். அப்பதுங்கலை ‘அமைதி’ எனப் பாராட்டும் விமர்சகன் படத்தை வாசிக்கத் தவறியவனாவான்.

பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், அட்டவணைப்படுத்தப்பட்ட அரிய பறவைகளைக் கூட்டருகே வேண்டுமென்றே குழப்புவதைக் குற்றமாக்கியது. சட்டம் அரியவற்றையே தனித்து நோக்குகின்றது. கலையின் அறம் சாதாரண குருவிக்கும் உரியது. மேகத்துக்குக் காத்திருந்து, இலைநிழலை நிழலாகவே ஏற்று, சற்று மங்கலாக அமைந்த படத்திலே பறவையும் காடும் ஒருங்கே வாழ்கின்றன. மங்கல் அங்கே குறையன்று. கலைஞன் எங்கே நின்றான் என்பதற்கு அதுவே சான்று.