ஜவ்வரிசி ஆலைக் கணக்கில் கொல்லிமலை எங்கே?

கொல்லிமலை மரவள்ளி கீழே இறங்கி நாமக்கல், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகுது. கிழங்கைக் கழுவி அரைத்த தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டால், அது புளித்து, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மிஞ்சாது. இப்போது பல ஆலைகள் அந்தக் கழிவுநீரிலேயே எரிவாயு எடுக்கின்றன. நல்ல மாற்றம்தான், மறுக்கல. ஆனா அதோடு 'பசுமைத் தொழில்' என்று முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியல. முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கணக்கு ஆலை வாசலில்தான் தொடங்குது. மேலே சாமைக்காடும் தினைக்காடும் மரவள்ளிக்காடாக மாறியதும், சரிவில் கிழங்கு பிடுங்க மண் இளகி மழையில் கரைவதும் அதில் இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே சிறுதானியங்களை மீட்க உழைப்பது இதனால்தான். சாமைக்கும் கட்டுப்படியான விலை கிடைக்காதவரை, ஆலையைச் சுத்தம் செய்வது பாதி வேலைதான்.