இல்லாத கோட்டைக்கு ஒரு நாள்

கிழக்குக் கடற்கரையில் ஐரோப்பியர் கடை விரித்த ஊர்களுக்குப் போகிறவர் கோட்டை பார்க்காமல் திரும்புவது அரிது. சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இன்றும் தலைமைச் செயலகம் நடக்கிறது. டேனிஷ்காரர்கள் 1620இல் தொடங்கிய டான்ஸ்போர்க், தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து நிற்கிறது. பிரெஞ்சு இந்தியாவின் தலைநகராக இருந்த புதுச்சேரியில் மட்டும் கோட்டை இருந்த இடத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. மரநிழல், விளையாடும் பிள்ளைகள், நடுவில் வெள்ளை மண்டபம்.

வரலாறு பார்க்கவென்று தனியாக வருகிறவருக்கு இந்த ஊர் ஒரு நாளில் என்ன தருகிறது என்பதே இங்கே கேள்வி. தனியாக என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான்கு பேராக வந்தால் ஊர் வாய் திறக்காவிட்டாலும் பொழுது போய்விடும். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. சுவரும் வீதியும் பலகையும் அவரோடு பேச வேண்டும். ஒரு வரலாற்று நகரத்தை எடைபோட அவரைவிடக் கறாரான ஆள் கிடைக்க மாட்டார்.

முதலில் கோட்டையின் கணக்கு. 1674இல் இங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களை 1693இல் டச்சுக்காரர்கள் விரட்டினார்கள். ஒப்பந்தப்படி ஊர் திரும்பி வந்தது 1699இல். பட்ட அடியை மறக்காத பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் எழுப்பிய லூயி கோட்டை 1706இல் திறக்கப்பட்டது. ஐந்து முனைக் கொத்தளங்களோடு, அக்கால ஐரோப்பியக் கோட்டைக் கலையின் முறைப்படி. மார்த்தேன் அதே ஆண்டின் கடைசி நாளில் இறந்தார். 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவென் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். அப்போதைய பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் புகழ் அதனால் உயர்ந்தது. பிறகு சரிவு. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இல் கடலூர் பக்கத்து ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அந்தக் கணக்கை 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் தீர்த்தார். பசியால் புதுச்சேரி பணிந்தது. அதன்பின் கோட்டையும் ஆளுநர் மாளிகையும் ஊரின் பெரும்பகுதியும் திட்டம் போட்டுத் தகர்க்கப்பட்டன. போரில் இடிந்த கோட்டை என்று சிலர் எழுதுகிறார்கள், அது பாதி உண்மை. சண்டை ஓய்ந்த பிறகு, நிதானமாக, பழிக்குப் பழியாக இடித்தார்கள்.

1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் 1765இல் ஊரைத் திரும்பப் பெற்ற லா தெ லொரிஸ்தோன் மீண்டும் கட்டத் தொடங்கினார். இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. இன்று ‘ஒயிட் டவுன்’ என்ற பெயரில் விற்கப்படும் மஞ்சள் சுவர்கள், காகிதப்பூக் கொடிகள், உயர்ந்த மரக்கதவுகள் எல்லாம் 1765க்குப் பிந்தியவை. பெரும்பாலும் அதற்கும் வெகுகாலம் பிந்தியவை. டூப்ளேயின் புதுச்சேரி என்று நினைத்துப் படம் எடுக்கிறவர், டூப்ளே கண்ணால் காணாத ஊரைத்தான் படம் எடுக்கிறார். அவர் பார்த்ததில் இங்கே மிஞ்சியிருப்பது வீதிகளின் நேர்கோடு. அந்தத் திட்டமோ ஆறு ஆண்டு மட்டும் ஆண்ட டச்சுக்காரர்கள் வரைந்தது.

கோட்டை இருந்த இடத்திலுள்ள பாரதி பூங்காவில் நின்று இதை யோசித்துப் பார்க்கலாம். நடுவிலிருக்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. முத்தரையர்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த வேலையின் நினைவு. தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயியின் கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மண்டபம் அரசுச் சின்னமாகவும் ஆகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் காலடியில் கிடக்கும் கோட்டையின் ஐங்கோணம் எந்த மூலையில் தொடங்கி எங்கே திரும்பியது என்று நடந்து அறிய வழியில்லை. எதிரே துணைநிலை ஆளுநர் மாளிகை, வாசலில் காவலர். கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றி வேலைப்பாடுள்ள கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவை செஞ்சியிலிருந்து வந்தவை என்பது வழக்கு. செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை 1750இல் பிடித்தது நிச்சயம். சொந்தக் கோட்டையில் ஒரு கல்லைக் காட்ட முடியாத ஊர், அடுத்தவர் கோட்டைத் தூண்களை முகப்பில் வைத்திருக்கிறது!

இடிபாட்டுக்கு ஒரு தனிப் பயணி முன்பே வந்திருக்கிறார். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தி. சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760இல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். கப்பல் மலபார்க் கரையை நெருங்கியபோதுதான் ஊர் ஆங்கிலேயர் கையில் என்ற செய்தி கிடைத்தது. திரும்பும் வழியில், ஆடும் கப்பலிலிருந்து வெள்ளியைப் பார்த்தார், அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. காத்திருந்து 1768இல் வந்து சேர்ந்தார். கோட்டை இடிபாட்டின் மேல் அவருக்கு ஒரு நோக்ககம் கட்டித் தரப்பட்டது. 1769 ஜூன் மாதத்து அந்தக் காலையில் மேகம் சூரியனை மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வானம் தெளிந்தது. 1771இல் பிரான்ஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்தில் கைவைத்திருந்தார்கள். கல்மேட்டில் நோக்ககம் நிற்கும் படம் அவருடைய பயண நூலில் இருக்கிறது. இடித்தபின் கோட்டை எப்படி இருந்தது என்பதற்கு முதன்மையான சாட்சிகளில் ஒன்று அது. இவ்வளவு பெரிய கதை நடந்த இடத்தில் நாம் பட்டாணி சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். சுண்டலில் குறையில்லை.

செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். ரோமாபுரி வணிகத்தின் தடயம். பிரெஞ்சுக்காலக் கட்டிலும் நாற்காலியும் உண்டு. மேசை நாற்காலி பார்த்து ஒரு கோட்டையைக் கற்பனை செய்துகொள்ள முடியாது. இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம்.

வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டியதும் கதை மாறுகிறது. ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டின் சந்தடிக்குப் பக்கத்தில், டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு நிற்கிறது. 1738இல் கட்டியது என்பார்கள். கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் முறை. மாடி ஐரோப்பியத் தூண்களோடு. ஊரைத் தரைமட்டமாக்கிய 1761ஐத் தாண்டி நின்ற வீடு. டூப்ளேயின் காலத்தை உண்மையில் பார்த்த கட்டடம் வேண்டுமென்றால் வெள்ளையர் பகுதியில் அல்ல, ஒரு தமிழ் துபாஷியின் வாசலில்தான் தேட வேண்டும்.

வீட்டைவிடப் பெரியது அவர் எழுதிய நாட்குறிப்பு. 1736இல் தொடங்கி, ஊர் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை நீள்கிறது. விலைவாசி, கப்பல் வரவு, பீரங்கிச் சத்தம், லஞ்சம், ஜாதிச் சண்டை, துரையின் கோபம், துரைசானியின் தலையீடு எல்லாம் பேச்சுத் தமிழில். 1748 முற்றுகையின்போது சம்பா கோவில் என்னும் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டதை அவர் பதைத்து எழுதியிருக்கிறார். இன்று ஈசுவரன் கோவில் வீதியிலிருப்பது பின்னால் கட்டியது. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களுக்கு மூலமாகக் கொண்டது இந்தக் குறிப்புகளைத்தான். ஆக, லூயி கோட்டைக்குள் போக மிஞ்சியிருக்கும் ஒரே வாசல் தமிழில் எழுதப்பட்டது. சுற்றுலா விளம்பரங்களில் அந்த வாசலுக்குக் கிடைக்கும் இடம், ஒரு காபிக் கடைக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. இருநூற்று அறுபது ஆண்டுக்கு முன் போன கோட்டைக்கு இன்றைய நகராட்சி என்ன செய்யும்? மரபுப் பாதுகாப்பில் இந்த ஊர் சும்மா இருக்கவும் இல்லை. வைசியாள் வீதியின் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளை மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் முன்னின்று சீரமைத்தது. 2008இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. 2014 மழையில் இடிந்துவிழுந்த, பழைய நகர மன்றமான மேரி கட்டடத்தைப் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டினார்கள். மற்ற நகரங்கள் பல இதில் பாதியும் செய்யவில்லை.

ஆனாலும் இந்த வாதம் கட்டடம் இருக்கும் இடத்துக்கே பொருந்தும். இல்லாததைக் காட்டுவது வேறு வேலை, அதற்குப் பெரிய செலவும் வேண்டாம். கோட்டையைப் பறிகொடுத்த லாலி, 1766இல் தலை துண்டிக்கப்படும் முன் பாரிசின் பாஸ்டில் சிறையில் அடைபட்டிருந்தார். அந்தப் பாஸ்டிலும் 1789இல் தொடங்கி இடித்து அள்ளப்பட்டது. இன்று அதன் சுவர் ஓடிய வழியைச் சாலைத் தளத்தில் தனிக்கல் பதித்துக் காட்டுகிறார்கள். வண்டிகள் அதன்மேல் ஓடுகின்றன. பிரெஞ்சு வேர் பற்றி இவ்வளவு பேசும் ஊருக்கு இந்தப் பிரெஞ்சு வழக்கம் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

என் தீர்ப்பு இது. அழகான ஊர் என்ற வகையில் புதுச்சேரிக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். தனியாக நடக்க இவ்வளவு இதமான வீதிகள் தமிழ் நிலத்தில் குறைவு. வரலாற்றைச் சொல்லும் ஊர் என்ற வகையில் அது தேறவில்லை. நடந்ததை மறைக்கவில்லை, ஆனால் விற்பனைக்கு உதவாத பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. முற்றுகையும் பசியும் இடிப்பும் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன. தமிழர் பங்கும் அங்கேதான்.

கோட்டையைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் பேருந்து ஏறிச் செஞ்சிக்குப் போய்விடுங்கள். புதுச்சேரிக்குத்தான் வருவேன் என்றால், ஆனந்தரங்கப் பிள்ளையின் 1748ஆம் ஆண்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு வாருங்கள். காலையை வாய்க்காலின் மேற்கே செலவழித்துவிட்டு, பூங்காவுக்கு மாலையில் போனால் போதும். புதுச்சேரி அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான்: லூயி கோட்டையின் ஐங்கோணத்தைப் பாரதி பூங்காவிலும் சுற்றுவீதிகளிலும் கல் பதித்துக் காட்டி, முனைக்கு ஒரு பலகையைத் தமிழில் வைக்கட்டும்.