நான்காவது துடிப்பு

அறுவை அரங்கில் நோயாளியின் உடல் முழுக்கப் பச்சைத் துணிக்குள் போன பிறகும், மயக்க மருந்து நிபுணருக்கு ஒரு கை கண்ணில் பட வேண்டும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் நரம்பின் மேல் இரண்டு எலக்ட்ரோடுகள். பொத்தானை அழுத்தினால் அரை விநாடி இடைவெளியில் நான்கு மின்தூண்டல்கள் பாயும். கட்டைவிரல் நான்கு முறை உள்ளங்கைப் பக்கம் வெட்டி இழுக்கும்.

தசைகளைத் தளர்த்தும் ரொகுரோனியம் என்ற மருந்து ஏறத் தொடங்கியதும் அந்த விரலைப் பார்க்க வேண்டும். முதல் துடிப்பைவிட இரண்டாவது கொஞ்சம் சோர்ந்திருக்கும், மூன்றாவது அதைவிட, நான்காவது இன்னும். பிறகு நான்காவது காணாமல் போகும். அப்புறம் மூன்றாவது, இரண்டாவது, கடைசியில் முதலாவதும். அடுத்தடுத்த தூண்டலுக்கு, நரம்பின் செய்தியைத் தசைக்குக் கடத்தும் அசிட்டைல்கோலினைத் தயாராக முன்னே கொண்டுவர உதவும் ஏற்பிகள் நரம்பு நுனியிலேயே இருக்கின்றன. மருந்து அவற்றையும் அடைத்துவிடுவதால்தான் இந்தப் படிப்படியான தேய்வு. வேறு வகைத் தளர்த்தியான சக்சினைல்கோலினை வழக்கமான அளவில் கொடுத்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறையும். எந்த வகை மருந்து உள்ளே இருக்கிறது என்பதைத் துடிப்புகளின் வடிவமே சொல்லிவிடுகிறது!

லிவர்பூலில் அலி, அட்டிங், கிரே மூவரும் 1970-ஐ ஒட்டி உருவாக்கிய இந்த முறையில் என்னை மிகவும் கவர்வது அதன் சிக்கனம். ஒற்றைத் துடிப்பை மட்டும் அளந்தால், மருந்துக்கு முன் அது எவ்வளவு இருந்தது என்று குறித்து வைத்திருக்க வேண்டும். இங்கே அது வேண்டாம். முதல் துடிப்பே அளவுகோல். நான்காவதை அதனால் வகுத்தால் போதும்.

தெளியும்போது அந்த விகிதம் மெல்ல ஏறும். 0.4-ஐத் தாண்டிவிட்டால், தேர்ந்த கண்ணுக்கும் தொட்டுப் பார்க்கும் கைக்கும் நான்கும் சமமாகவே தெரியும். ஆனால் மூச்சுக்காகத் தொண்டை வழியே செருகிய குழாயை எடுக்க 0.9 வேண்டும். நடுவில் உள்ள அந்தத் தூரத்தைக் காட்டுவது விரலில் பொருத்திய முடுக்கமானிதான். அதை வாங்கித் தராத அரங்கில் ஊகத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அது எனக்கு ஏற்புடையதல்ல.

கட்டைவிரலைத் தேர்ந்ததிலும் நயம் இருக்கிறது. உதரவிதானம் முதலில் மீளும், கட்டைவிரல் பின்தங்கியே வரும். நோயாளி மூச்சு விடத் தொடங்கிய பின்னும் தொண்டைத் தசைகள் தளர்ந்தே கிடக்கலாம். விழுங்கும்போது எச்சில் நுரையீரல் பக்கம் இறங்கலாம். அதனால்தான் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து அவசரப்படாமல், தாமதமாக வரும் அந்த விரலுக்காகக் காத்திருக்கிறார்கள்.